யாருடையது என்று தெரியாத இயந்திரம்

கிளவுட் அமைக்கும் மென்பொருள் கருவி எதுவாக இருந்தாலும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. ‘இந்த இயந்திரங்களில் இருப்பவை அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?’ ஆம் என்று அடித்து என்டரைத் தட்டினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இன்னும் சில மாதங்களில் அந்த வரியைப் படிக்காமலே பதில் சொல்லப் பழகிவிடுவீர்கள். கேள்வியே கேட்காதே என்று கட்டளையின் வாலில் ஒரு சொல்லைச் சேர்க்கவும் கற்றுக்கொள்வீர்கள். கெட்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், வேலையும் சீக்கிரம் முடிகிறது. நான் உங்களுக்குக் கட்டளைகளைச் சொல்லித்தர இதை எழுதவில்லை. அவை எல்லா இடத்திலும் கிடைக்கின்றன, நீங்கள் என்னைவிட வேகமாகப் படித்துக்கொள்வீர்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஓய்வு வயது வருவதற்கு முன்பே நானாகக் கேட்டு வேலையை விட்டு விலகிக்கொண்டேன். ஆனாலும் சோறு வடிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வரி கண் முன்னால் வந்து நிற்கிறது.

நான் வேலை பார்த்தது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலை நிறுவனத்தில். கீழே கடை, மாடியில் அலுவலகமும் டிசைன் அறையும், மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைதான் எங்கள் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஆரோக்கியராஜும். கட்டளைகள் என் பொறுப்பு. கேபிள், கரண்டு, திருகாணி எல்லாம் அவன் பொறுப்பு. என்னைவிட இளையவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். எதையும் உடனே நம்பிவிடுவான். நான் எதையும் நம்பமாட்டேன். அதனால் எங்களுக்குள் வேலை நன்றாகத்தான் நடந்தது.

என் மகள் யாமினியும் அதே நிறுவனத்தில்தான் இருந்தாள். சேலைக்கு பார்டரும் முந்தானையும் கணினியில் வரைவது அவள் வேலை. அவளாகவே விண்ணப்பித்து, அவளாகவே தேர்வு பெற்று வந்தவள். ஆனால் யாரும் அதை நம்பவில்லை. அவள் நல்லது செய்தால் அவள் பெயர், கெட்டது செய்தால் என் பெயர் என்றுதான் அங்கே பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு நாள், யாமினி வரைந்து இன்னும் தறிக்கே போகாத ஒரு பார்டர், இரண்டு தெரு தள்ளி இருந்த கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை மேல் இருந்தது. யாளியின் வாலைக் கொடியாக வளைத்து வரைந்தது. அதே வளைவு, அதே இடத்தில் பூ. வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் ஊரில் கல்யாண சீசனுக்கு முன்னால் புது டிசைன் வெளியே போனால், அது வீட்டுக்குள் ஆள் புகுந்த மாதிரி.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டிசைன் அறையில் இருந்த பென் டிரைவ்களை எல்லாம் வாங்கிக்கொண்டார். அந்த அறைக்கு இன்டர்நெட்டை நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து எங்கள் சின்ன அறை வழியாகப் பிரிண்டருக்குப் போகும் கேபிள் மட்டும் மிஞ்சியது. டிசைன்களை நகலெடுத்து வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, கடைப் பையனைக்கூடக் கூப்பிடாமல், தானே சுத்தியால் உடைத்தார்.

“சார், எல்லாம் ஒரே மிஷின்ல இருக்கிறது ஆபத்து சார்,” என்றேன்.

“காப்பி இருந்தாதானே மேடம் திருடுவான்? அதுக்குத்தானே உங்களை கிளவுடு போடச் சொல்லிக்கினு இருக்கேன். என் கட்டடம், என் பூட்டு, என் சாவி. எவன் வீட்டுக் கிளவுடும் எனக்கு வேணாம்.”

சொல்லிவிட்டு என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் யாமினி இருந்தாள்.

கிளவுட் என்றால் வானத்தில் இருப்பது இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பல சர்வர்களை ஒன்றாகக் கோத்து, யாருக்கு எவ்வளவு வேண்டுமோ பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. வாடகைக்கும் எடுக்கலாம். நம் கட்டடத்துக்குள்ளேயே நாமே அமைத்துக்கொண்டால் பிரைவேட் கிளவுட். முதலாளிக்கு வேண்டியது அதுதான். ஆக, சந்தேகத்துக்காகவே கட்டப்பட்ட கிளவுட் அது. புது சர்வர்கள் வந்து இறங்கின. ஆரோக்கியராஜ் அவற்றுக்குச் சேலை நிறங்களைப் பெயராக வைத்தான். அரக்கு, மாம்பழம், ராமர்பச்சை, மயில்கழுத்து, கத்திரிப்பூ. விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் வீட்டில் நான் என் மகளைக் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். முதலாளி பார்த்த அந்தப் பார்வையை நானும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் வீடு செவிலிமேட்டில். ஆற்றங்கரைப் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று. யாமினி போன் வந்தால் மாடிக்குப் போவாள். நான் துணி எடுக்க ஏறினால் குரல் இறங்கிவிடும்.

“யாரு?”

“ஃப்ரெண்டும்மா.”

“எந்த ஃப்ரெண்டு?”

“அய்யே, லிஸ்ட் குடுக்கணுமா? விடும்மா.”

அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். அதற்கு முன்னால் அது எனக்கு உறுத்தியதே இல்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போனோம். அவள் கையில் வழக்கமான பை இல்லை, வேறு ஒரு பெரிய பை. ஸீட்டில் வைத்தபோது ‘தொம்’ என்று சத்தம் கேட்டது.

“இன்னா இது, இவ்ளோ வெயிட்டு?”

“ஒன்னும் இல்லம்மா. ஆபீஸ் சாமான்.”

“ஆபீஸ் சாமான் நம்ம வீட்ல எதுக்கு இருந்தது?”

அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இறங்கும்போதும் என்னிடம் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து உள்ளே போனாள். ஒரு சின்ன கணினி அந்தப் பையில் அடங்கும் என்று நான் நினைத்தேன். இப்படி நினைக்கிற ஒரு மனம் எனக்கு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் தறி நிற்கும், மெஷின் நிற்கும், எல்லாவற்றுக்கும் குளியல். எங்கள் நிறுவனத்தில் தராசு முதல் கணினி வரை ஒன்றையும் விடமாட்டார்கள். பிளக்கைப் பிடுங்கி, மேசையை நகர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டால் மறுநாள் வரை யாரும் கை வைக்கக் கூடாது. கடைப் பெண்கள் என் சர்வர் அறைக்கும் வந்துவிட்டார்கள். கேபிள்களை எல்லாம் உருவித் துடைத்து, அழகாக வரிசையாகத் திருப்பி மாட்டினார்கள். ஆரோக்கியராஜ் நடுவில் நின்று, “எனக்கும் பொரி உண்டா, இல்ல வேதக்காரனுக்குக் கிடையாதா?” என்று சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தான். நான் சர்வர் விசிறிக்குப் பக்கத்தில் தொங்கிய கதம்பத்தை எடுங்கள், எடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். பூ விசிறிக்குள் போய்விடும் என்றுதான் எனக்குக் கவலை. கேபிள்களை நான் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. எல்லா இயந்திரத்தையும் ஒரு முறை ஓடவிட்டுக் கும்பிட்டால் போதும், முழு வேலை கிடையாது. யாமினி எனக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் டிசைன் அறையில் இல்லை, கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். போன் செய்தேன், எடுக்கவில்லை.

சர்வர் அறையில் முதலாளி கற்பூரத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். சர்வர்களையும் கருவியையும் ஆரோக்கியராஜ் விடியற்காலையிலேயே வந்து ஓடவிட்டிருந்தான். நான் கருவியின் திரையைத் திறந்தேன். அது வேலை செய்யும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் கேபிளில் மாட்டியிருக்கும் எந்த இயந்திரமும், உயிர் பெறும்போது தன் டிஸ்க்கைப் பார்க்காமல் நெட்வொர்க்கைக் கேட்டு எழுந்தால், கருவி அதைப் பிடித்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அந்த இயந்திரமும் கட்டளைக்காகக் காத்து நிற்கும். யாருடையது, எதற்காக வந்தாய் என்றெல்லாம் கருவி விசாரிப்பதில்லை. கேபிளில் வந்ததெல்லாம் அதற்குச் சொந்தப் பிள்ளை.

தயாராக இருக்கும் எல்லா இயந்திரங்களிலும் கிளவுடை நிறுவு என்று கட்டளையை அடித்தேன். பட்டியல் இறங்கியது. அரக்கு, மாம்பழம், ராமர்பச்சை, மயில்கழுத்து, கத்திரிப்பூ. அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘பெயரிடப்படாதது’. அதற்கும் கீழே அந்தக் கேள்வி.

“ராஜு, இது எது?” என்றேன் மெதுவாக.

அவன் குனிந்து பார்த்தான். “அட, ஒன்னு எக்ஸ்ட்ரா வந்துக்கினு இருக்குது! ஏதாவது ஸ்பேர் மாட்டியிருப்பாங்கக்கா. விஜயதசமி அன்னிக்கு லட்சுமி தானா வந்தா வேணாம்னு சொல்லுவியா? அமுக்குக்கா, நல்ல நேரம் போவுது.”

ஸ்பேர் எதுவும் எங்களிடம் இல்லை. எனக்கு அது தெரியும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கு வேண்டியது இந்த இடம்தான்.

அழைக்காத ஓர் இயந்திரம் உங்கள் பட்டியலில் வந்து நின்றால் அதற்கு இரண்டே காரணம் இருக்க முடியும். ஒன்று, யாரோ கவனக்குறைவாக மாட்டியது. அப்படியானால் நீங்கள் அழிப்பது இன்னொருவரின் உழைப்பு. இல்லையென்றால், யாரோ வேண்டுமென்றே வைத்தது. அப்படியானால் நீங்கள் அழிப்பது அவர் விட்டுப்போன தடயம். எப்படிப் பார்த்தாலும் தட்டக் கூடாது. உட்கார்ந்து யோசித்தால் இவ்வளவு சுலபம். ஆனால் அன்றைக்கு என் தலையில் ஓடியது வேறு. அந்தப் பெரிய பை. தொம் என்ற சத்தம். மாடியில் இறங்கிய குரல். தட்டினால் அது அழிந்துபோகும். அதில் என்ன இருந்தாலும், யார் வைத்திருந்தாலும், இல்லாமல் போய்விடும். அழித்தது கருவி, நான் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஓர் இயந்திரத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றில் நிறுவவும் வழி இருந்தது. ஆனால் விலக்கினால் அது பட்டியலிலேயே நிற்கும். நாளைக்கு முதலாளி பார்ப்பார்.

என் விரல் என்டருக்கு மேலே இருந்தது. ஆம் என்று அடித்து முடித்திருந்தேன்.

“இன்னாக்கா கல்லு மாரி உக்காந்துக்கினு இருக்கற? நான் போடட்டா?” என்று ஆரோக்கியராஜ் கையை நீட்டினான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நகம் பதிகிற மாதிரி. எதற்காகப் பிடித்தேன்? அவன் தட்டியிருந்தால் அது அவன் செய்ததாகப் போயிருக்கும். ஒன்றும் அறியாமல் அவன் செய்ததாக. அந்த நினைப்புத்தான் என்னைப் பிடித்து உலுக்கியது என்று பின்னால் சொல்லிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் கைதான் போனது, நினைப்பு இல்லை. ஆனால் பிடித்த பிறகு காரணம் சொல்லியாக வேண்டும். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இதுல நமக்குத் தெரியாத ஒரு மிஷின் இருக்குது.”

“தெரியாததுன்னா?”

“நாம வாங்கினது இல்ல. யாரோ நம்ம கேபிள்ல மாட்டியிருக்காங்க.”

“யாரோன்னா யாரு?”

நான் தட்டைப் பார்த்தேன். கற்பூரம் எரிந்து முடிந்து தட்டில் கறுப்பாக இருந்தது.

“தட்டுனா இன்னா ஆவும்?”

“அதுல இருக்கிறது பூராவும் அழிஞ்சிடும் சார்.”

“அழியட்டுமே! திருட்டு மிஷின்தானே? என் இடத்துல எவனோ கொண்டாந்து வச்சா, அது என்னுது. தட்டுங்க மேடம்.”

பாருங்கள், அனுமதியும் கிடைத்துவிட்டது. கட்டளையிடுகிறவரே அழிக்கச் சொல்கிறார். நேரம் ஓடுகிறது. என் மகளைக் காப்பாற்ற எனக்கு இதைவிடப் பெரிய வாசல் திறக்காது. நான் சொன்ன பதிலை என் காதாலேயே கேட்டேன்.

“அழிச்சிட்டா யார் வச்சதுன்னு தெரியாமலே போயிடும் சார்.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “அதுவும் சரிதான். தேடுங்க.”

ஆரோக்கியராஜ், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் எந்த விளக்கு மின்னுகிறது என்று பார்த்து அதில் இருந்த கேபிளைப் பிடித்தான்.

“டேக் எங்க? ஒவ்வொரு கேபிளுக்கும் பேர் எழுதிக் கட்டியிருந்தோமே?”

“நேத்து தொடைச்சாங்களேக்கா. பேப்பர் டேக்கு, ஈரத் துணி. பூரா ஊறி வந்துடுச்சு போல.”

“நீ பக்கத்துல நின்னியே!”

“நீயுந்தான் நின்ன. பூவப் பாத்துக்கினு.”

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது சுவர் ஓட்டைக்குள் போய், வெளியே வந்து, மாடிப்படி ஓரமாக ஏறியது. முதலாளி முன்னால், அவன் நடுவில், நான் கடைசியில். அலுவலகப் பக்கம் திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கணக்குப் பிரிவுப் பக்கம் திரும்பட்டும். யார் மீதாவது விழட்டும். அது திரும்பவில்லை. நேராகப் போய் டிசைன் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது.

உள்ளே யாரும் இல்லை. கேபிள் முடிந்த இடம் யாமினியின் மேசை. மேசை மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலையோடு அவளுடைய கணினி. திரை இருட்டாக இருந்தது. ஆனால் பெட்டிக்குள் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. முதலாளி திரையின் பொத்தானை அமுக்கினார். கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி. எங்கள் கருவியின் வரி. கட்டளைக்காகக் காத்திருக்கிறேன்.

“இது யாமினி டேபிள்தானே மேடம்?” என்றார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

கீழே தெருவில் யாரோ சிரிக்கிற சத்தம், பிறகு படியில் செருப்பு. யாமினி கையில் பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். மூன்று பேரையும் பார்த்து நின்றாள்.

“இன்னா சார், எல்லாரும் இங்க? அம்மா, கிளவுட் போட்டாச்சா?”

“இந்த மிஷினை இன்னா பண்ண?” என்றார் முதலாளி.

“காலைல ஆன் பண்ணேன் சார், பூஜைக்கு. எப்பவும் வர்ற ஸ்க்ரீன் வரல. பிளாக்கா ஏதேதோ ஓடிக்கினு இருந்தது. அம்மா புது சிஸ்டம் போடறேன்னு சொன்னாங்களே, அதான் ஏதோ பண்ணிக்கினு இருக்காங்கன்னு நெனச்சேன். டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணிட்டு கோயிலுக்குப் போய்ட்டேன்.” என்னைப் பார்த்தாள். “ஏம்மா, நீ பண்ணல?”

நான்தான் செய்கிறேன் என்று அவள் நம்பியிருந்தாள். அவள்தான் செய்திருக்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன்.

ஆரோக்கியராஜ் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்டு இல்லாத நேரத்திலும் எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்பதை இயந்திரம் மறக்காமல் வைத்திருப்பது அதனால்தான். பழைய இயந்திரம், பேட்டரி எப்போதோ செத்திருந்தது. வருஷம் முழுவதும் பிளக்கிலேயே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆயுத பூஜைக்குப் பிடுங்கி மறுநாள் மாட்டியதும் அது தன்னையே மறந்துவிட்டது. டிஸ்க்கைத் தேடாமல் நெட்வொர்க்கைக் கேட்டது. துடைத்து வரிசையாக மாட்டியபோது பிரிண்டர் கேபிள் இடம் மாறி, கிளவுடுக்காக வைத்த புது ஸ்விட்சுக்குள் போயிருந்தது. எங்கள் கருவி அங்கே காத்திருந்தது, எடுத்துக்கொண்டது. தறிக்கும் தராசுக்கும் செய்கிற மரியாதையைக் கணினிக்கும் செய்தோம். அவ்வளவுதான் நடந்தது.

புது பேட்டரி போட்டு டிஸ்க்கைக் காட்டியதும் வழக்கமான திரை வந்தது. யாமினி பக்கம் பக்கமாகத் திறந்து காட்டினாள். அந்த சீசனுக்கு வரைந்த அத்தனை பார்டரும் இருந்தன. வேறு எங்கேயும் நகல் இல்லாத அத்தனையும்.

முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தட்டச் சொன்னேன்ல மேடம்?”

“சொன்னீங்க சார்.”

“தட்டியிருந்தா?”

“ஒன்னும் மிஞ்சியிருக்காது.”

தட்டியிருந்தால் மீதி எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் மறுநாள் காலையில் டிசைன் அறைக்கு வந்து, வெறுமையாக இருக்கும் கணினியைப் பார்த்து, இதில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்டிருப்பார். பதில் யாமினி. காலையில் தனியாக வந்து ஆன் செய்தவள், உடனே வெளியே போனவள், போன் எடுக்காதவள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் தட்டியிருந்தால், அவளை யாரும் காப்பாற்ற முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

முதலாளி எழுந்தபோது சிரித்தார். ஆறுதலில் வந்த சிரிப்பு. “உங்கம்மா மூஞ்சப் பாத்திருக்கணும் நீ. கேபிள் இந்த ரூமுக்குள்ள வந்ததும் அவங்களுக்கு உசுரே இல்ல.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். யாமினி என் பக்கம் திரும்பினாள்.

“எதுக்கு உசுரு இல்ல?”

“ஒன்னும் இல்ல. டிசைன் போயிருக்குமேன்னுதான்.”

“டிசைன் இருக்கிற மிஷின்னே உனக்கு அப்போ தெரியாதேம்மா. ரூமுக்குள்ள கேபிள் வந்தது, அவ்ளோதான் தெரியும்.” அவள் வரைகிறவள், வரிசை தப்பாமல் பார்ப்பாள். “யாரோடதுன்னு நெனச்ச நீ?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “நேத்து பையில இன்னா கொண்டாந்த?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். ஆரோக்கியராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். “அது பூசணிக்காக்கா! நம்ம சர்வர் ரூமுக்கு சுத்திப் போட. நான்தான் வாங்கியாரச் சொன்னேன். உனக்குத் தெரிஞ்சா ரோட்டுல ஒடைக்காத, வண்டிக்காரன் வழுக்கி வுழுவான்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பியேன்னு பயந்துக்கினு மறைச்சு எடுத்தாந்துச்சு பாவம்.”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மெதுவாக, ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பை, கேபிள், என் முகம்.

“ஓ,” என்றாள். பொரிப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, திறந்து வைத்த பார்டர்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தாள்.

நான் கீழே வந்தேன். கேள்வி இன்னும் திரையில் அப்படியே காத்திருந்தது. ஆம் என்பதை அழித்துவிட்டு இல்லை என்று அடித்தேன். ரத்து செய்யப்பட்டது என்று ஒரு வரி வந்தது. நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. கிளவுடை வேறு ஒரு நாளில், டிசைன்களுக்கு இரண்டு நகல் எடுத்துப் பூட்டி வைத்த பிறகு நிறுவினோம். இப்போதும் நன்றாகத்தான் ஓடுகிறது என்று ஆரோக்கியராஜ் சொல்கிறான். யாளி பார்டரை வெளியே கொண்டுபோனது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாது என்பதை எழுதும்போதே என் மனம் யார் யாரையோ நினைக்கிறது. அதை அடக்கத்தான் முயற்சி செய்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அழிக்கப் போகும் ஒவ்வோர் இயந்திரத்தையும் ஒரு முறை போய்க் கையால் தொட்டுவிட்டு வந்து தட்டுங்கள். திரையில் தயார் என்று வந்தால் நம்பாதீர்கள். மேலே இருக்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். நேரம் போகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும்விட, தட்டிவிடு என்று உங்கள் மனமே சொன்னால், அது யாருக்காகச் சொல்கிறது என்று கேளுங்கள். இந்த வேலையில் சந்தேகம் நல்ல கருவிதான். ஆனால் வேலை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் கட்டளையை நான் கற்றுக்கொள்ளவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

யாமினி அந்த நிறுவனத்தை விட்டுவிட்டாள். மாடியில் பேசிய போன் எல்லாம் சென்னையில் வேறு வேலைக்கு முயற்சி செய்தது. தன் மேல் சந்தேகம் இருக்கும் இடத்தில் எத்தனை நாள் உட்கார்ந்து வரைவது என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்தச் சந்தேகம் வீட்டிலும் இருந்தது அவளுக்கு அப்போது தெரியாது. இப்போது தினமும் ரயிலில் போய் வருகிறாள். என்னிடம் கோபமாக இல்லை. பேசுகிறாள், சாப்பிடுகிறாள், என் பூசணிக்காய் உபதேசத்தை அப்படியே நடித்துக் காட்டிக் கேலி செய்கிறாள். காலையில் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று, என் முன்னால் பையை அகலமாகத் திறந்து காட்டுகிறாள்.

“பாத்துக்கோம்மா. பூசணிக்கா இல்ல.”

சிரித்துக்கொண்டேதான் காட்டுகிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் பார்த்துவிடுகிறேன்.